கேமரா இல்லாத மேசை

ஸ்னூக்கர் தரவரிசைப் போட்டி என்றதும் தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்கு நினைவில் வருவது ஒரே ஒரு மேசை. சுற்றிலும் இருட்டு, மேலே விளக்கு, நடுவில் பச்சை. அந்த மேசை போட்டியின் கடைசி நாட்களுக்கு உரியது. தொடக்கச் சுற்றுகள் நடக்கும் நாட்களில் தடுப்புகளுக்கு இடையே பல மேசைகள் கிடக்கும். ஓர மேசைகளைச் சுற்றி நாற்காலிகள் பாதி காலியாக இருக்கும். 2019-இல் இந்தியன் ஓப்பன் கொச்சிக்கு வந்தபோது நான் தேடிப்போய் உட்கார்ந்தது அப்படிப்பட்ட மேசைகளின் பக்கத்தில்தான். மேத்யூ செல்ட், லியு ஹாவ்தியனை 5-3 என்று வென்ற இறுதியாட்டத்தைப் பற்றி நண்பர்கள் இன்றும் பேசுகிறார்கள். எனக்கு நினைவில் நிற்பதோ ஓர மேசைகளில் வெள்ளைக் கையுறையோடு நின்ற நடுவர்கள். மாவட்ட, மாநிலப் போட்டிகளில் நானும் நடுவராக நிற்பவன். எங்கள் வேலையின் கனம் அங்கேதான் முழுதாகத் தெரியும்.

கனம் என்றேன். அது பணத்திலிருந்து வருகிறது. தொழில்முறைச் சுற்றில் ஏறக்குறைய 128 பேருக்குத்தான் இடம். கடைசி இரண்டு ஆண்டுகளில் தரவரிசைப் போட்டிகளில் வென்ற பரிசுப் பணத்தைக் கூட்டினால் வருவதே ஒருவரின் தரவரிசை. பருவம் முடியும்போது முதல் 64 பேருக்குள் இல்லாதவர், வேறு பட்டியல் எதிலாவது தப்பினால் ஒழிய, இடத்தை இழந்து மறுபடி தகுதிப் போட்டிக்குப் போக வேண்டும். ஷெஃபீல்டின் குரூசிபிள் அரங்கில் உலகப் பட்டம் வெல்பவருக்கு 5 லட்சம் பவுண்டு. அதே பருவத்தில், முதல் ஆட்டத்திலேயே தோற்று ஒரு பவுண்டும் இல்லாமல் விமானம் ஏறியவர்களும் உண்டு. பிறகு குறைந்தபட்ச வருமானத்துக்கு உத்தரவாதம் வந்தது, நல்லது. ஆனாலும் 3-3 என்று நிற்கும் ஆட்டத்தின் கடைசி ஃப்ரேமில், 65-ஆவது இடத்தில் இருப்பவர் மஞ்சள் பந்தைக் குறிபார்க்கும்போது, அவருக்கு அது அடுத்த ஆண்டு வாடகை. அந்த மஞ்சளைச் சரியான புள்ளியில் வைத்தவர் நடுவர்.

பந்தை எடுத்து வைப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் 'மிஸ்' விதியைத்தான் சொல்வேன். ஆடவேண்டிய பந்தை ஒருவர் தொடத் தவறுகிறார். தன்னால் முடிந்த அளவு முயன்றாரா என்று நடுவர் முடிவு செய்கிறார். இல்லை என்றால் 'ஃபவுல் அண்ட் எ மிஸ்' என்று அழைக்கிறார். எதிராளி விரும்பினால் பழைய நிலையிலிருந்தே மறுபடி ஆடச் சொல்லலாம். பழைய நிலை என்றால், பன்னிரண்டு அடி நீள மேசையில் 52.5 மில்லிமீட்டர் பந்து ஒவ்வொன்றும் முன்பு எங்கே நின்றதோ அங்கே. தொலைக்காட்சி மேசையில் எண்ணிக்கையைக் குறிக்கும் மார்க்கர் முன்னால் ஒரு திரை இருக்கும். முந்தைய படத்தோடு ஒப்பிட்டு 'கொஞ்சம் இடது, இன்னும் கொஞ்சம்' என்று சொல்வார். கேமரா இல்லாத மேசையில் இருப்பது நடுவரின் தலைக்குள் இருக்கும் படம் ஒன்றுதான்.

அந்தப் படத்தை எப்படிப் பிடிப்பது? புதிதாக வருகிறவர்கள் பந்துகளை மனப்பாடம் செய்யப் பார்க்கிறார்கள். அது நிற்காது. பச்சைத் துணியின் பெரும்பகுதியில் அடையாளம் என்று எதுவும் இல்லாததால், 'நீலத்துக்குக் கொஞ்சம் கீழே' என்ற நினைவு இரண்டு நிமிடத்தில் கரைந்துவிடும். பார்க்கவேண்டியது இடைவெளிகளை. வெள்ளைப் பந்துக்குப் பின்னால் நின்று பார்த்தால் பழுப்பின் இடது விளிம்பு அந்தச் சிவப்பை எவ்வளவு மறைக்கிறது, பாதியா, கால்வாசியா? வெள்ளையிலிருந்து இளஞ்சிவப்பின் விளிம்பைத் தொட்டுப் போகும் கோடு மூலைப் பாக்கெட்டின் எந்தத் தாடையில் முடிகிறது? இப்படி இரண்டு கோடுகளைப் பிடித்துவிட்டால் அவை வெட்டும் இடத்தில்தான் வெள்ளை இருந்தாக வேண்டும். ஒருவர் ஸ்னூக்கரில், அதாவது ஆடவேண்டிய பந்தை வேறு பந்து மறைக்கும் நிலையில், மாட்டிக்கொண்டார் என்று தெரிந்த அந்தக் கணமே, அவர் சாக் தடவிக்கொண்டே மேசையைச் சுற்றும்போதே, நான் என் கோடுகளைப் பிடித்துவிடுவேன். ஃபவுல் ஆன பிறகு யோசிக்க ஆரம்பித்தால் பயனில்லை.

திரும்ப வைத்ததும் இரண்டு ஆட்டக்காரர்களையும் கேட்க வேண்டும். ஒருவர் அரை அங்குலம் மேலே என்பார், மற்றவர் இல்லை என்பார். இருவருமே பொய் சொல்லவில்லை. அவரவர் நின்ற கோணத்திலிருந்து அவரவர் பார்த்ததைச் சொல்கிறார்கள். கேட்டுக்கொள்ள வேண்டும், முடிவு நம்முடையது. முழுதாக நேரே தெரியும் பந்தை ஒருவர் தொடர்ந்து மூன்று முறை தவறவிட்டால், இரண்டாவது தவறுக்குப் பின் எச்சரிக்கப்பட்டிருந்தால், ஃப்ரேமே அவர் கையைவிட்டுப் போய்விடும். ஆகவே அந்த அரை அங்குலத்தில் ஒரு ஃப்ரேம் இருக்கிறது.

'டச்சிங் பால்' இன்னும் நுணுக்கம். வெள்ளை மெல்ல உருண்டு வந்து ஒரு சிவப்பின் பக்கத்தில் நிற்கிறது. தொடுகிறதா, தொடவில்லையா? தொட்டால் ஆட்டக்காரர் வெள்ளையை வெளிப்பக்கமாகத் தட்டினாலே போதும், அந்தச் சிவப்பை அடித்ததாகக் கணக்கு. அது அசைந்தால் ஃபவுல். தொடாவிட்டால் ஆட்டமே வேறு. ஆகவே நான் முழங்காலை மடக்கிக் கண்ணைப் பந்தின் உயரத்துக்குக் கொண்டுவருவேன். மேசையில் கை ஊன்றக் கூடாது, கழுத்துப்பட்டை முன்னால் தொங்கக் கூடாது. இரண்டு பந்துகளும் சந்திக்கும் இடத்தில் முடி அளவு வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் பளபளப்பு ஏமாற்றும். எதிர்ப்பக்கம் போய் மறுபடி குனிய வேண்டும். அரங்கமே காத்திருந்தாலும் அவசரப்படக் கூடாது.

அவசரம் வேறு இடத்தில் தேவைப்படும். 1997-இல் குரூசிபிளில் ரோனி ஓ'சலிவன் ஒரே மூச்சில் எடுக்கக்கூடிய முழு எண்ணிக்கையான 147 அடித்தார். அதற்கான நேரம் இப்போது 5 நிமிடம் 8 வினாடி என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. பதினைந்து சிவப்பு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கறுப்பு, பிறகு ஆறு வண்ணங்கள் என்று மொத்தம் 36 பந்துகள். எட்டரை வினாடிக்கு ஒன்று. அதற்குள் நடுவர் பாக்கெட்டிலிருந்து கறுப்பை எடுத்துத் துணியில் குழி விழாமல் புள்ளியில் வைக்க வேண்டும், எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும், அடுத்த அடிக்கு முன் ஆட்டக்காரரின் பார்வைக் கோட்டிலிருந்து விலகி அசையாமல் நிற்க வேண்டும். பதினைந்து முறை. அந்தப் பதிவைப் பார்க்கும்போதெல்லாம் நான் நடுவரின் கால்களைத்தான் பார்க்கிறேன். வெள்ளை எங்கே போய் நிற்கும் என்பதை ஆட்டக்காரரோடு சேர்ந்தே அவரும் கணித்தால்தான் கால் அந்த இடத்துக்கு வெளியே போய் நிற்கும்.

அதே ஓ'சலிவன் 2010-இல் கிளாஸ்கோவில் நடந்த வேர்ல்ட் ஓப்பனில், 147-க்குத் தனிப் பரிசு கிடையாது என்று தெரிந்துகொண்டு, 140-இல் இளஞ்சிவப்பைப் போட்டதும் கறுப்பை விட்டுவிட்டு எதிராளி மார்க் கிங்கிடம் கை நீட்டினார். நடுவர் யான் வெர்ஹாஸ், ரசிகர்களுக்காகவாவது முடியுங்கள் என்று அவரிடம் சொன்னார். அவரும் போட்டார். நடுவர் அப்படிப் பேசலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். என் பார்வையில் வெர்ஹாஸ் செய்தது சரி. அடித்தவருக்குச் சாதகமாகவோ எதிராளிக்குப் பாதகமாகவோ அவர் எதையும் மாற்றவில்லை. ஆட்டத்தின் மேல் அக்கறை உள்ளவர் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்க மாட்டார்.

இந்த அக்கறையை நான் முதலில் பார்த்தது எங்கள் ஊர் கிளப் மார்க்கர்களிடம். துணியை ஆட்டம் தொடங்கும் 'பாக்' முனையிலிருந்து கறுப்புப் புள்ளிப் பக்கம் ஒரே திசையில் துலக்குவது, இழையைக் கலைக்காமல் இஸ்திரி போடுவது, யார் எத்தனை எடுத்தார் என்று சொல்வது எல்லாம் அவர்கள் கையில்தான். 1875-இல் ஜபல்பூரின் ராணுவ விடுதியில் பிறந்த இந்த ஆட்டத்துக்கு 1882-இல் உதகமண்டலம் கிளப்பில் விதிகள் எழுதி மாட்டியதாகச் சொல்வார்கள். அந்தப் பேச்சில் அதிகாரிகளின் பெயர்கள் வருகின்றன. பந்தை எடுத்து வைத்த மார்க்கர்களின் பெயர்கள் எங்கும் வருவதில்லை. அது எனக்கு வருத்தம்.

ஓர மேசையில் இன்னொன்றும் நடக்கும். கடினமான பந்தை எட்டி அடிக்க ஒருவர் உடலை வளைக்கும்போது கியூவோ சட்டைக் கையோ நீலத்தை லேசாக உரசிவிடும். எதிராளி நாற்காலியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார். நான் நிற்கும் பக்கத்திலிருந்து அது தெரியாது. கேமராவும் இல்லை. அடித்தவர் தானே நிமிர்ந்து, நீலத்தில் பட்டுவிட்டது என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போய் உட்கார்வார். நான் ஃபவுல் அழைத்து எதிராளிக்கு ஐந்து என்று மார்க்கரிடம் சொல்வேன். எதிராளி எழுந்து வருவதற்குள் வெள்ளைக்குப் பின்னால் குனிந்து, ஆடவேண்டிய பந்தின் இரு விளிம்பும் தெரிகிறதா, இல்லை அதற்குப் பதில் வேறு பந்தை ஆட விடும் 'ஃப்ரீ பாலா' என்று பார்த்துவிட வேண்டும்.