தண்ணிக் கழிவு

தை மாதத்தில் நுவரெலியாவில் சில விடியற்காலைகளில் புல்லெல்லாம் வெளுத்துக் கிடக்கும். கொழும்பிலிருந்து வந்தவர்கள் குதிரைப் பந்தயத் திடல் பக்கம் போனைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். மாலைக்குள் 'நுவரெலியாவில் ஸ்னோ' என்று படம் ஊரைச் சுற்றிவிடும். உண்மையில் அது வானத்திலிருந்து விழுந்ததே இல்லை. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டையெல்லாம் விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று பள்ளத்தில் போய்த் தேங்குகிறது. அதிலுள்ள ஈரம் புல்மேலும் இலைமேலும் அப்படியே உறைந்துவிடுகிறது. வெயில் ஏறினால் இருந்த இடம் தெரியாது. வந்தவர்களுக்கு வேடிக்கை, தேயிலைத் தோட்டத்துக்கோ பள்ளத்து மலைகளில் கொழுந்து கருகி, அந்தப் பறிப்பு ரவுண்டே போய்விடும்.

இந்த வெள்ளையை யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. நிறுக்கிற அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. பனி ஆளுயரத்துக்குக் குவியும் நாடுகளில் கதை வேறு. கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் கூட்டாளி ஒருவர் குளிர்காலத்தில் போன் எடுத்தால் முதலில் பனியைத்தான் திட்டுவார். "விழுந்தவுடனே வழிச்சா பஞ்சு மாதிரி. ரெண்டு நாள் கெடந்து நனைஞ்சிச்சுன்னா மம்பட்டிய தூக்க ஏலாது, இடுப்பு போயிரும்" என்பார். புதிதாக விழுந்த பனி ஒரு கன மீற்றர் 50 முதல் 100 கிலோ வரை இருக்கும். கிடந்து இறுகியது 300 கிலோவைத் தாண்டும். முழுப் பனிக்கட்டி என்றால் 917 கிலோ. பனியில் மிச்சமெல்லாம் காற்று. ஆக, ஒரு மீற்றர் பனி என்று சொன்னால் ஒன்றும் சொன்னதாகாது. அது உருகினால் பத்து சென்டிமீற்றர் தண்ணீரும் வரலாம், முப்பதும் வரலாம். கூரை தாங்குமா, வசந்தத்தில் ஆறு பெருகுமா, வயலுக்குத் தண்ணீர் கிடைக்குமா என்பதற்கெல்லாம் விடை உயரத்தில் இல்லை, கனத்தில்தான் இருக்கிறது.

இதை முறையாக நிறுத்துப் பார்த்தவர்களில் முன்னோடி, அமெரிக்காவின் நெவாடா பல்கலைக்கழகத்தில் இலத்தீன் மொழி கற்பித்த ஜேம்ஸ் சர்ச். 1900களின் தொடக்கத்தில் ரோஸ் மலையில் ஏறி இறங்கியே ஒரு கருவியை உருவாக்கினார். அது ஒரு நீண்ட குழாய், நுனியில் பல். அதைப் பனிக்குள் அடிவரை இறக்கி, உள்ளே ஏறிய பனியோடு வெளியே எடுத்து, தராசில் தொங்கவிட்டு, வெறுங்குழாயின் நிறையைக் கழிக்க வேண்டும். எத்தனை அங்குலத் தண்ணீர் என்று தெரிந்துவிடும். அப்போது டாஹோ ஏரித் தண்ணீருக்காக ஒரு பெரிய இழுபறி. கரையில் வீடு வைத்திருந்தவர்கள் நீர்மட்டம் ஏறக்கூடாது என்றார்கள்; கீழே மின்சாரத்துக்கும் பாசனத்துக்கும் காத்திருந்தவர்கள் தேக்கிவைக்க வேண்டும் என்றார்கள். மலையில் கிடக்கும் பனியில் எவ்வளவு தண்ணீர் என்று நிறுத்துக் கணக்குப் போட்டு, ஏரி எவ்வளவு உயரும் என்று சர்ச் முன்கூட்டியே சொன்னார். இரண்டு பக்கமும் அந்த எண்ணை வைத்துப் பேச முடிந்தது.

நம் மலைநாட்டில் தண்ணீர் அப்படிக் காத்துக் கிடப்பதில்லை. தென்மேல் பருவமழை இறங்கினால் வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் கொட்டித் தீர்க்கும். வருசத்துக்கு 5000 மில்லிமீற்றர் அங்கே புதுமையில்லை. காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்கள் அதைப் பிடித்துவைத்து லக்சபான மின்நிலையங்களுக்கு அனுப்பும். மழையை அளக்க மழைமானி போதும், விழுந்தது அத்தனையும் தண்ணீர். ஆனால் தண்ணீர் வேறொன்றோடு ஒட்டிக்கொண்டு, 'இதில் எவ்வளவு தண்ணீர்?' என்ற கேள்வியை எழுப்பும் இடம் ஒன்று நம்மிடமும் இருக்கிறது. அதுதான் பறித்த கொழுந்தை நிறுக்கும் கொழுந்து மடுவம்.

மழை நாளில் மடுவத்தைப் பார்க்க வேண்டும். இடுப்பில் படங்கு, தலையில் பொலித்தீன், நனைந்து பாரமாகிப்போன கொழுந்துச் சாக்கு. தராசில் மாட்டினால் சாக்கின் அடிமுனையிலிருந்து சொட்டும். முள் பதினொன்றில் நிற்கும்; கணக்கப்பிள்ளை ஒன்பது என்று எழுதுவார்.

"என்னங்கய்யா ரெண்டு கிலோ வெட்டிட்டீங்க?"

"தண்ணி புள்ள, தெரியலியா."

"மழ விட்டு எவ்வளவு நேரமாச்சு, உதறித்தானே போட்டேன்."

"நான் வெட்டலேன்னா பெக்டரியில என்னய வெட்டுவாங்க."

பெக்டரியின் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஈரமே இல்லாத கொழுந்திலும் முக்கால் பங்கு தண்ணீர்தான். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நாலரைக் கிலோ அளவில் பச்சைக் கொழுந்து வேண்டும். மேலே ஒட்டிய மழையையும் சேர்த்து வாடவைக்க நேரமும் விறகும் கூடப் போகும். அதற்குக் கொழுந்து விலை கொடு என்றால் யாரும் கொடுக்கமாட்டார்கள்.

என் வழக்கு கழிவோடு இல்லை, அந்த இரண்டு எங்கிருந்து வந்தது என்பதோடுதான். தூறலில் நனைந்த கொழுந்துக்கும் அதே இரண்டு, அடைமழையில் பறித்ததற்கும் அதே இரண்டு. ஆறு கிலோ சாக்குக்கும் பதினைந்து கிலோ சாக்குக்கும் ஒரே கத்தி. அந்த இரண்டைத் தந்தது தராசு அல்ல, வழக்கம். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபா என்று வர்த்தமானி வந்த பிறகு, எத்தனை கிலோ எடுத்தால் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், என்ற இழுபறி தோட்டந்தோட்டமாகக் கூடியது. ஒரு கிலோ குறைந்தால் அரைப்பேர் ஆகிவிடும் நாளில், கண்ணால் பார்த்து வெட்டிய இரண்டு கிலோ பிள்ளையின் பஸ் காசு.

நிறுப்பதொன்றும் பெரிய வித்தையில்லை. சர்ச் செய்ததைத்தான் இங்கேயும் செய்ய வேண்டும். நாலைந்து சாக்கிலிருந்து கைப்பிடி கைப்பிடியாக ஒரு கிலோ எடுத்து, காய்ந்த துணியில் ஒற்றி, எல்லோரும் பார்க்க மறுபடி நிறுக்க வேண்டும். நூறு கிராம் குறைந்தால் அன்றைய நெறுவையில் பத்துக்கு ஒன்று கழிவு. மழை விட்டால் கழிவும் விட வேண்டும். சின்னத் தராசும் ஒரு துணியும் போதும்.

தண்ணீரைக் கழிக்காதே என்று எந்தக் கொழுந்துக்காரியும் சண்டை பிடித்து நான் கேட்டதில்லை. எவ்வளவு தண்ணீர் என்று நிறுத்துக் காட்டச் சொல்கிறார்கள். யாருக்கும் சொந்தமில்லாத பனியையே மலையேறிப்போய் நிறுத்திருக்கிறார்கள். கூலிக்குப் பறித்த கொழுந்தின் தண்ணீரை மடுவத்திலேயே நிறுக்க என்ன தடை?