ஊர்ப் பணமும் பள்ளிக்கூடமும்

பல்லாண்டுகளாக அரபும் தமிழும் கற்பித்துவரும் நம்மிடம் கம்பம் பள்ளத்தாக்குப் பெற்றோர் பலரும் கேட்பது ஒன்றே: "எந்த ஊர்ப் பள்ளியில் தேர்ச்சி அதிகம், ஹஜ்ரத்?"

கேள்வி நியாயமானதே; எனினும் அது பாதிக் கேள்விதான். தேர்ச்சி விழுக்காடு தேர்வெழுதிய பிள்ளைகளை மட்டுமே எண்ணும். பெற்றோர் குமுளி மலையேறி ஏலத்தோட்ட வேலைக்குச் செல்ல, தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளப் படிப்பை நிறுத்திய பெண்பிள்ளை அக்கணக்கில் இல்லை. ஆறாம் வகுப்பில் சேர்ந்தோர் எத்தனை பேர், அவருள் பத்தாம் வகுப்பை எட்டியோர் எத்தனை பேர் என்பதே முழுக் கேள்வி.

அடுத்தது பணம். அமெரிக்காவில் பள்ளிச் செலவின் கணிசமான பங்கை ஊரார் செலுத்தும் வீட்டு வரி தாங்குகிறது. செல்வர் வாழும் ஊரில் பள்ளியும் செழிக்கிறது. இங்கோ அரசுப் பள்ளி ஆசிரியரின் ஊதியம் மாநிலக் கருவூலத்திலிருந்து வருகிறது. ஆகவே கூடலூராயினும் போடியாயினும் ஊரின் வறுமையைச் சாக்காகச் சொல்ல இயலாது.

வீட்டு வரியுடன், 1948 ஆம் ஆண்டுச் சட்டப்படி, நூலக வரியும் நாம் செலுத்துகிறோம். பள்ளிக்கு வரும் மானியமும் நம் வரிப்பணமே. இவையனைத்தும் அமானிதம். மானியம் செலவாகும் விதத்தைக் கண்காணிக்கும் கடமையை 2009 ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு அளித்துள்ளது. அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோரே.

உத்தமபாளையத்தில் 1956 இல் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி எழுந்த மண் இது. கல்விக்குப் பொருள் ஈந்த சமுதாயம், அப்பொருளுக்குக் கணக்குக் கேட்கவும் கூச வேண்டியதில்லை. அடுத்த குழுக் கூட்டத்திற்குத் தாய்மாரும் தந்தைமாரும் தவறாது செல்லுங்கள்.