வல்லிபுரத் தீர்த்தத்துக்கும் ஐப்பசி மழைக்கும் இடையில்

வாகனத்தைப் பார்ப்பதற்கு முன் ஒழுங்கையைத்தான் அளந்தோம். உடுப்பிட்டியில் அக்காவின் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையின் ஒரு பக்கம் புது மதில், மறுபக்கம் கிளுவையும் பூவரசும் நின்ற பழைய வேலி. சாரதி அண்ணை ரேப்பின் ஒரு முனையை என்னிடம் தந்து மதிலோடு பிடிக்கச் சொன்னார். மூன்று மீற்றர்கூட இல்லை. அவர் கொண்டுவர நினைத்திருந்த கோஸ்டர் பஸ் ஏறக்குறைய 7 மீற்றர் நீளம், 2 மீற்றருக்குச் சற்றுக் கூடிய அகலம். நேராக உள்ளே விடலாம். ஆனால் ஒழுங்கை வளையும் இடத்தில் அந்த நீளம் திரும்பாது. மேலே மின்கம்பி வேறு தாழ்ந்து கிடந்தது.

“அக்கா, வாகனம் சந்தியிலதான் நிக்கும். அம்மாவை ஓட்டோவில கொண்டந்து ஏத்துவம்” என்றார்.

அக்கா ரொறன்ரோவிலிருந்து வந்திருந்தவர். இலையுதிர் காலம் வந்தால் அவருடைய குடும்பம் கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் பெரிய வாகனமொன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு அல்கொன்குயின் பூங்காப் பக்கம் போவது வழக்கம். செப்டெம்பர் கடைசியிலும் ஒக்ரோபர் தொடக்கத்திலும் மேப்பிள் மரங்கள் சிவக்கிற காட்டுவழி அது. அடுத்த வருடம் சகோதரங்கள் எல்லோரும் ஊருக்கு வரும்போது அதே காலத்தில், அதேபோல ஒரு பயணம் இங்கே போகவேண்டும் என்பது அவருடைய ஆசை. ஒரு கொப்பியில் நுவரெலியா, எல்ல என்று எழுதியும் வைத்திருந்தார். வழி பார்க்க என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

அந்தக் கொப்பியைப் பார்த்ததும் எனக்கு மனம் ஒப்பவில்லை. எங்கள் ஊர்களிலிருந்து பஸ் பிடித்துச் சுற்றுலா போகிறவர்கள் பெரும்பாலும் இரவில் புறப்பட்டு ஏ9 வீதியில் தெற்கே ஓடுகிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கே 321 கிலோமீற்றர். அதற்கு மேல் நுவரெலியாவுக்கு மலையேற இன்னும் எழுபது எண்பது. வயதான தாயையும் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு அந்தத் தூரம் ஓடினால், போகிற வழி முழுவதும் நித்திரையிலும் வாந்தியிலும் கழிந்துவிடும். உடுப்பிட்டியில் பிறந்து, சுண்டிக்குளத்தில் பூநாரை இறங்குவதை ஒருமுறைகூடப் பார்க்காமல் கனடாவுக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். அந்த இடம் இங்கிருந்து ஐம்பது அறுபது கிலோமீற்றருக்குள் இருக்கிறது. முதலில் வடமராட்சியின் விளிம்பைச் சுற்றுவோம், மலைநாடு பிறகு இருக்கட்டும் என்று சொன்னேன். அண்ணை என்னை ஆதரித்தார். அக்கா முழுச் சம்மதம் சொல்லவில்லை. “காட்டுங்கோ, பாப்பம்” என்றார். அண்ணையின் சின்ன ஹயஸ் வானிலேயே புறப்பட்டோம்.

முதல் நிறுத்தம் வல்லை வெளி. உடுப்பிட்டிப் பக்கத்து வீடுகளும் தோட்டங்களும் முடிந்த கையோடு நிலம் திறந்துவிடுகிறது. மரமில்லாத உவர்நிலம், நடுவில் கடனீரேரி. புரட்டாதி என்பதால் நீர் வற்றி, ஓரத்தில் உப்புப் பூத்திருந்தது. தரை காய்ந்து கெட்டியாகத் தெரிய, வானை வீதியை விட்டு இறக்கி நிறுத்தலாமே என்றேன். அண்ணை இறங்கிப் போய்க் குதிக்காலால் அழுத்திக் காட்டினார். மேலோடு உடைந்து கீழே கறுத்த சேறு வந்தது. ஆள் நடந்தால் தாங்கும் தரை, ஏழு மீற்றர் வாகனத்தின் பின்சில்லை விழுங்கிவிடும். பெரிய வாகனம் எங்கெல்லாம் நிற்க முடியும் என்பதைத்தான் முதலில் எழுதவேண்டும் என்று அங்கேயே முடிவெடுத்தோம். எத்தனை கிலோமீற்றர், எத்தனை மணி என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

அங்கிருந்து தொண்டைமானாறு. இந்த நீரேரி கடலோடு சேரும் வாயில் கதவுகள் வைத்த அணை இருக்கிறது. மாரியில் மழைநீரைத் தேக்கி, உவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதற்காகக் கட்டியது. கரையில் செல்வச்சந்நிதி முருகன் கோயில். கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்கள் புறப்படும் இடம் இதுதான். சமையலறை உள்ள வாகனம் இல்லையே என்று அக்கா கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். சந்நிதியில் அன்னதானம் நடக்கும் மடங்களைப் பார்த்ததும் அவரே கொப்பியில் ‘மத்தியானச் சாப்பாடு’ என்று எழுதிக்கொண்டார். எங்கள் பெரியவர்கள் பயணம் போன முறையும் இதுதானே. கிடாரம், பாய், தண்ணீர்க் குடம் எல்லாம் ஏற்றிக்கொண்டு, மடத்துக்கு மடம் தங்கி, மரநிழலில் அடுப்பு மூட்டிச் சமைத்துப் போனார்கள். படுக்கவும் சமைக்கவும் வழியில் இடம் இருந்ததால் வண்டிக்குள் வீடு தேவைப்படவில்லை.

கழிப்பறை விஷயம் மட்டும் அப்படி எளிதில் தீராது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் வெளிநாட்டிலிருந்து இப்படியொரு வாகனத்தை இறக்குவோமா என்று கேட்கிறவர்கள் இப்போது உண்டு. அந்த வாகனங்களில் கழிவு ஒரு தாங்கியில் சேரும். வட அமெரிக்காவில் முகாம்களில் அதைத் திறந்துவிடத் தனி இடம் உண்டு. இங்கே எங்கள் வழியில் அப்படி ஓரிடமும் இல்லை. குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. நாம் குடிப்பது சுண்ணாம்புக்கல்லுக்குள் தங்கியிருக்கும் மழைநீர். அந்தக் கல் முழுக்க வெடிப்பும் குகையும். ஓரிடத்தில் ஊற்றும் கழிவு மண்ணில் வடிபட்டுச் சுத்தமாகாமல் கல்வெடிப்பு வழியே அடுத்த வளவுக் கிணற்றுக்குப் போய்ச் சேரும். வெளியிலிருந்து பயணம் வருகிறவர் ஒரு பற்றைக்குப் பக்கத்தில் தாங்கியைத் திறந்துவிட்டால், அந்த ஊர் குடிதண்ணீரில் அதன் விலையைக் கட்டும். ஆகவே கழிப்பறை உள்ள வாகனம் வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொன்னேன். கோயில் மடம், பருத்தித்துறைப் பட்டினம், வழியில் தெரிந்தவர் வீடு என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம் போட்டால் போதும். அக்காவின் தாய்க்கும் அதுதான் வசதி.

கரையோர வீதியில் கிழக்கே திரும்பினால் வல்வெட்டித்துறை. வலப்பக்கம் ஊர், இடப்பக்கம் கடல். இங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் அட்லாண்டிக் கடந்து 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. எந்த மாதம் புறப்படுவது என்ற கேள்விக்கு இந்த ஊரில்தான் விடை தேடவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டேன்.

“சோளகம் விழுந்து, வாடை எழும்ப முன்னம் கொஞ்ச நாள் கடல் அப்பிடியே கிடக்கும் தம்பி. அந்த நாள்தான் நல்ல நாள். ஐப்பசி நடுவுக்கு மேல போனால் மழை பிடிச்சிரும்” என்றார்.

தென்மேல் காற்றான சோளகம் வைகாசியிலிருந்து வீசி, மணலையும் புழுதியையும் கிளப்பும். வாடை வந்தால் மழை. குடாநாட்டுக்கு வருடத்தில் கிடைக்கும் மழையின் பெரும்பகுதி ஒக்ரோபர், நவம்பர், டிசெம்பர் மாதங்களில் கொட்டிவிடுகிறது. 2008 நவம்பரில் நிஷா புயலும் 2020 டிசெம்பரில் புரெவிப் புயலும் இங்கே எவ்வளவு வெள்ளம் கொண்டுவந்தன என்பது உடுப்பிட்டியில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு காற்றுக்கும் நடுவில் உள்ள அந்தச் சில வாரங்கள்தான் எங்கள் இலையுதிர் காலம். இலை ஒன்றும் சிவக்காது. பனம்பழம் விழும், பெரும்போகத்துக்கு உழுத வயலில் விதைப்பு நடக்கும், முதல் மழையோடு தரவையில் புல் முளைவிடும். முன்பனங்காய் முடிந்தும் சில மரங்களில் பழம் நின்றது. பனைக்குக் கீழே கண்ணாடிக் கூரை வாகனத்தை நிறுத்தக்கூடாது என்பதையும் கொப்பியில் சேர்த்தோம்.

பருத்தித்துறையில் டீசல் நிரப்பினோம். 1916-இல் கட்டிய 32 மீற்றர் வெளிச்சவீட்டை வீதியிலிருந்து பார்த்துவிட்டு நகர்ந்தோம். பட்டினத்தின் ஒடுங்கிய தெருக்களில் பெரிய வாகனத்தைத் திருப்புவது கடினம், காலையில் கடை திறக்க முன் கடந்துவிடுவது நல்லது.

வல்லிபுரத்தில் அதிக நேரம் நின்றோம். ஆழ்வார் கோயிலில் புரட்டாதிப் பௌர்ணமியோடு கடல்தீர்த்தம். கோயிலிலிருந்து கடற்கரைக்கு மணல்மேடுகளின் ஊடாகச் சனம் நடந்து போகும். 1936-இல் இந்தப் பகுதியில் கிடைத்த பொன்னேடு வசப மன்னன் காலத்தது. ஏறக்குறைய 1,900 வருடம் பழையது. கோயிலைச் சுற்றிய மணலுக்குள் பழைய ஓடும் பாண்டத் துண்டும் கிடக்கும் ஊர் இது. தீர்த்தத்தன்று பெரிய வாகனத்துக்கு இங்கே இடமே கிடைக்காது. அன்றைக்கு எல்லோரும் ஊரோடு சேர்ந்து வந்து கும்பிட்டுவிட்டு, பயணத்தைப் பிறகு தொடங்குவதே சரி. அக்காவின் முகம் இங்கேதான் மாறியது. சின்ன வயதில் தகப்பனின் தோளில் இருந்து தீர்த்தம் பார்த்ததைச் சொன்னார். கொப்பியில் எல்லவை வெட்டினார்.

மணற்காட்டில் வாகனத்துக்கு வேலை இல்லை. வீதி முடிகிற இடத்தில் நிறுத்திவிட்டு நடக்கவேண்டும். சவுக்குத் தோப்பு, அதைத் தாண்டி மணல்மலைகள், அவற்றுக்கிடையே மணலில் புதைந்த பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவர்கள். 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலை இந்தக் கரையை வாரிக்கொண்டு போனது. இந்த மணலுக்கு அடியிலும் நன்னீர் மிதக்கிறது. மேலே மணல் இருக்கும்வரைதான் அந்த நீர் இருக்கும். மேட்டில் வாகனம் ஏற்றி விளையாடுவதை யாரும் செய்யக்கூடாது, எவ்வளவு பெரிய சில்லு பூட்டியிருந்தாலும்.

குடத்தனை தாண்டி நாகர்கோவிலுக்குப் போகும்போது வீடுகள் குறைகின்றன. 1995 செப்டெம்பர் 22 அன்று இங்குள்ள பாடசாலையில் குண்டு விழுந்து பிள்ளைகள் இறந்தார்கள். பின்னர் நீண்ட காலம் போர்முனையாக இருந்த நிலம் இது. வண்டியை நிறுத்தச் சொல்லி அக்கா இறங்கினார், கொஞ்ச நேரம் நின்றார். இந்தப் பக்கம் அழகான பற்றைக்காடு என்று உள்ளே நடக்க வேண்டாம், தேய்ந்த பாதையை விட்டு விலகவேண்டாம் என்று அண்ணை சொன்னதை நான் அப்படியே இங்கே எழுதுகிறேன்.

செம்பியன்பற்று, மருதங்கேணி, வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பனையும் தரவையும். இந்த நீளத்தில் பெரிய வாகனம் தன் பெருமையைக் காட்டும்; உயரமான யன்னலிலிருந்து இரண்டு பக்கமும் தெரியும். சுண்டிக்குளம் 1938-இல் சரணாலயமாகி, 2015-இல் தேசியப் பூங்காவானது. நாங்கள் போனபோது நீரேரியில் நீர் குறைவு, பூநாரைகள் வந்து சேரவில்லை. நாரைகளும் ஆலாக்களும் நின்றன. தூரதேசப் பறவைகள் ஒக்ரோபரிலிருந்து வரத் தொடங்கி பங்குனிவரை தங்கும். ஆனால் மழை கனத்தால் ஓரத்து மண்பாதை கோஸ்டரைத் தாங்காது. பறவை வேண்டுமென்றால் கொஞ்ச மழை பெய்யவேண்டும், பாதை வேண்டுமென்றால் நிறையப் பெய்யக்கூடாது. அண்ணையின் தீர்வு இது: கோஸ்டர் தார்வீதி முடியும் இடத்தில் நிற்கும், அதற்கப்பால் இரண்டு முறையாக ஹயஸில் ஆட்களைக் கொண்டுபோவது. அதிகாலையில் அங்கே நிற்கவேண்டும் என்பதால் முதல் இரவை மருதங்கேணிப் பக்கத்தில் உறவினர் வீட்டில் கழிப்பது. மறுநாள் புதுக்காட்டுச் சந்திக்கு வந்து ஏ9 ஏறி, ஆனையிறவு பார்த்துத் திரும்புவது. தம்பிமார் யாராவது தாங்களே ஓட்ட விரும்பினால், கனடா லைசென்ஸை மட்டும் வைத்துக்கொண்டு முடியாது, இலங்கையில் அதற்கான அனுமதியையும் எடுக்கவேண்டும் என்றும் சொன்னார்.

திரும்பும் வழியில் அக்கா விமான ரிக்கெற்றைப் பற்றிக் கேட்டார். சகோதரங்களுக்கு இரண்டு கிழமைதான் லீவு.

“தீர்த்தத்துக்கு மூண்டு நாள் முந்தி வந்திறங்கட்டும். தீர்த்தம் முடிஞ்சு ஒரு கிழமை சும்மா வீட்டில இருங்கோ, அதுக்குள்ள ஒரு மழை பெய்யும். பெய்ஞ்சு ரெண்டு நாள் வெயில் எறிச்சால் நான் வண்டியோட வாறன். திகதியை இப்ப கேக்காதேங்கோ அக்கா, கிழமையை மட்டும் பிடிச்சு வையுங்கோ” என்றார் அண்ணை. அக்கா கொப்பியில் திகதி எழுத விட்டிருந்த கட்டத்தில் ‘முதல் மழைக்குப் பிறகு’ என்று எழுதி, அன்றிரவே ரொறன்ரோவுக்கு எடுத்துச் சொன்னார்.