அசலும் அசலமும்

திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில் 'அசல்' என்ற சொல் கண்ணில் படாமல் நடக்க முடியாது. அசல் ருத்ராட்சம், அசல் ஸ்படிகம், அசல் தேன். ஒரு பௌர்ணமி இரவில், பேரனைக் கையில் பிடித்தபடி எனக்கு முன்னால் போன பெரியவர் அவனுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்: "அருணாசலம்னா என்னான்னு நெனச்சே? கோயிலுக்குள்ள இருக்கறது லிங்கம். இந்த மலைதான்டா கண்ணு அசல்!"

மலையே லிங்கம் என்பது இந்த ஊரின் நம்பிக்கை. ஆகவே பெரியவர் சொன்ன கருத்தில் குறையில்லை. ஆனால் அவர் பிடித்த சொல் வேறு, மலையின் பெயரில் இருக்கும் சொல் வேறு.

கடைப் பலகையில் இருக்கும் அசல் அரபு மொழியில் பிறந்து உருது வழியாக நம்மிடம் வந்தது. வேர், மூலம் என்பது அதன் பொருள். கடன் பத்திரத்தில் வட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் அசலும் அதுதான். அசலம் வடமொழி. சலம் என்றால் அசைவது. முன்னால் ஓர் அகரம் சேர்ந்தால் அசையாதது, அதனால் மலை. இவை போதாதென்று தமிழிலேயே இன்னொரு அசல் உண்டு. அசலூர், அசலார் என்கிறோமே, அது. முயல் பேச்சில் முசலானதுபோல அயல் அசலாயிற்று. அசலூர்க்காரர் ஒருவர் அசல் ருத்ராட்சம் அணிந்து அருணாசலத்தை வலம் வந்தால், மூன்று வேர்கள் சேர்ந்து நடக்கின்றன.

ஆங்கிலத்திலும் இப்படி உண்டு. கனமில்லாததும் 'லைட்', வெளிச்சமானதும் 'லைட்'. ஒலி ஒன்றானாலும் வேர்கள் வெவ்வேறு.

அசலம் மலைதான் என்பதற்கு மறைமலையடிகளின் பெயரே போதும். வேதாசலம் என்ற தம் பெயரை அவர் தமிழாக்கியபோது வேதம் மறையானது, அசலம் மலையானது.

'அருணாச்சலம்' என்று ஒரு 'ச்' சேர்த்து எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் வருந்தும். அருண என்பது விடியலின் சிவப்பு. அதன் கடைசி அகரமும் அசலத்தின் முதல் அகரமும் கலந்துதான் 'ணா' நீள்கிறது; வேத, அந்தம் இரண்டும் வேதாந்தம் ஆவதுபோல. ஒற்றை நுழைத்ததும் காது அதை அருணா, சலம் என்று பிரித்துக் கேட்கிறது. 'அல்ல' என்று சொன்ன அகரம் காணாமல் போகிறது. அசையாத மலை, எழுத்தில் அசைகிற மலையாகிவிடுகிறது.

அண்ணாமலைக்கும் இதே கதி. அண்ணா என்றதும் தமையன் நினைவுக்கு வருகிறார். இது அந்த அண்ணா அல்ல. அண்ணுதல் என்றால் நெருங்குதல். அண்ணா என்றால் நெருங்க முடியாத. ஓயாத, மாறாத என்பவை ஓயா, மாறா என்று ஈறு கெட்டு நிற்பதுபோல இதுவும் நிற்கிறது. அன்னமாகப் பறந்த பிரமனும் பன்றியாகத் தோண்டிய திருமாலும் முடியையும் அடியையும் எட்ட முடியாத கதை முழுவதும் அந்த மூன்றெழுத்துக்குள் இருக்கிறது.

தேவாரம் பாடிய அப்பரும் சம்பந்தரும் அண்ணாமலை என்றார்கள். இன்று ஆந்திரத்திலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் வருகிறவர்கள் ஊரையே அருணாசலம் என்கிறார்கள். ஒன்றின் மொழிபெயர்ப்பே மற்றது என்று பலர் நம்புகிறார்கள். அப்படியில்லை. அடிகள் வழியில் அருணாசலத்தைத் தமிழாக்கினால் செம்மலை என்றுதான் வரும். ஒரு பெயர் மலையின் நிறத்தையும் நிலையையும் பார்த்து வைத்தது. மற்றது, அதை நெருங்க முடியாமையைப் பார்த்து வைத்தது.