உபரி

மாலையில் கேஷ் முடிக்கும்போது பணம் குறைந்தால் கைக்காசைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். கூடினால்தான் சங்கடம். கணக்கில் பிழை இல்லை. பணம் மட்டும் அதிகம். யாருடையது என்று தெரியாது. சண்ட்ரியில் வரவு வைத்துவிட்டு எழுந்துவிடுகிறோம். கேட்டு யாரும் வராவிட்டால் அங்கேயே கிடக்கும்.

பிரபஞ்சத்துக்கு ஓர் ஆரம்பம் இருந்தது என்பதற்கான முக்கியமான சாட்சியம் இப்படித்தான் வந்தது. 1964இல் நியூ ஜெர்சியின் ஹோம்டெலில், பெல் ஆய்வுக்கூடத்தின் பென்ஸியாஸும் வில்ஸனும், செயற்கைக்கோளுக்காகக் கட்டப்பட்ட கொம்பு வடிவ ஆன்டெனா ஒன்றை வான ஆராய்ச்சிக்குத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். வளிமண்டலம், தரை, ஆன்டெனாவின் உலோகம் எல்லாவற்றின் பங்கையும் கழித்த பிறகும் சுமார் 3.5 டிகிரி கெல்வின் மீந்தது. எந்தத் திசையில் திருப்பினாலும், எந்தப் பருவத்திலும். உள்ளே கூடு கட்டியிருந்த புறாக்களை விரட்டி, எச்சத்தைச் சுரண்டிப் பார்த்தார்கள். இரைச்சல் போகவில்லை.

1965இல் வெளியான அவர்களுடைய சிறு கட்டுரையின் தலைப்பிலேயே 'உபரி' என்ற சொல் இருக்கிறது. அது என்ன என்று அவர்கள் வாதிடவில்லை. பிரின்ஸ்டன்காரர்கள் உடன் வெளியிட்ட கட்டுரைதான் சொன்னது: பெருவெடிப்பின் மிச்ச வெப்பம். 1,380 கோடி ஆண்டுக் கதையில், முதல் 3,80,000 ஆண்டுகள் முடிந்ததும் புறப்பட்ட ஒளி. வில்ஸனுக்கோ ஆரம்பமற்ற, மாறாத பிரபஞ்சம் என்ற கொள்கையில்தான் சாய்வு. இருந்தும் எண்ணை மறைக்கவில்லை.

அந்த எண் முன்பே அச்சில் இருந்தது என்பது இன்னொரு விஷயம். 1941இல் ஆண்ட்ரூ மெக்கெல்லர், நட்சத்திரங்களுக்கிடையே உள்ள சயனோஜன் மூலக்கூறுகளிலிருந்து சுமார் 2.3 டிகிரி என்று கணித்திருந்தார். 1948இல் ஆல்ஃபரும் ஹெர்மனும் ஆதி வெப்பத்தின் மிச்சம் சுமார் 5 டிகிரி இருக்கும் என்று எழுதினார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று சொல்ல ஆள் இல்லை. சண்ட்ரியில் கிடந்தன.

இது என்னை உறுத்தக் காரணம் உண்டு. சில வருஷங்களுக்கு முன் நண்பன் ஒருவன், அம்மாவின் சாவைப் பற்றிய கவிதையொன்றை ஒரு சிறு பத்திரிகையில் வெளியிட்டான். நடுவில், சம்பந்தமே இல்லாமல் ஒரு பஸ் நம்பர். கவிதையின் கட்டுக்கோப்புக்குள் வராத இரைச்சல் என்று எழுதினேன். தொகுப்பில் சேர்த்தபோது அவன் அதை நீக்கிவிட்டான். கவிதை இப்போது சுத்தமாக இருக்கிறது. யாருடைய அம்மாவும் அதில் சாகலாம்.

பிரபஞ்சம் விரிவது மட்டுமல்ல, விரியும் வேகமும் கூடிக்கொண்டிருக்கிறது என்று 1998இல் கண்டார்கள். இது இப்படியே போனால், மிகத் தொலைவான எதிர்காலத்தில் பிற காலக்ஸிகள் பார்வையிலிருந்து மறையும். அந்த ஆதி வெப்பமும் நீர்த்து, அளக்க முடியாமல் போகும். அப்போது வானத்தைப் பார்க்கிறவர்கள் தங்கள் காலக்ஸியே பிரபஞ்சம், அதற்கு ஆரம்பம் இல்லை என்று முடிவுகட்டக்கூடும். அவர்கள் கணக்கு பைசா பிசகாமல் டாலி ஆகும். மிகை என்று எதுவும் மீந்திருக்காது. எனக்கு அதுதான் பயம்.

என் மதிப்புரையும் அப்படி டாலி ஆனதுதான். கவிதை முதலில் வந்த இதழ் என்னிடம் இல்லை. அவனிடமும் இல்லையாம். போன மாதம் அந்த பஸ் நம்பரைக் கேட்டேன். "எதுக்கு இப்ப?" என்றான்.