கூறைப் புடவைக்குக் காஞ்சி யாத்திரை

காஞ்சீபுரத்துக்கு இரண்டு வகையான யாத்திரிகர்கள் வருகிறார்கள். கோயில் பார்க்க வருகிறவர்கள் ஒரு வகை. புடவை பார்க்க வருகிறவர்கள் மற்றொரு வகை. முதல் வகையாருக்குப் புண்ணியம் சேருகிறது. இரண்டாவது வகையாருக்கு என்ன சேருகிறது என்பதைப் பணப்பை அறியும்.

என் தமக்கையின் பெண்ணுக்கு விவாகம் நிச்சயமாயிற்று. தகப்பன் இல்லாத பெண். முகூர்த்தப் புடவை என் பொறுப்பு என்று ஒரு உற்சாகத்தில் சொல்லிவிட்டேன். நாற்பதாயிரம் ரூபாயைத் தனியே எடுத்து வைத்தேன். "கதர்ப் புடவை வாங்கலாமே? 1942-ல் இந்திரா காந்தி, தம் தகப்பனார் சிறையில் நூற்ற நூலால் ஆன புடவையைத்தானே மணப்பந்தலில் உடுத்தினார்?" என்று மெல்லக் கேட்டுப் பார்த்தேன். "நீங்கள் நூற்றுத் தாருங்கள் மாமா, கட்டாயம் கட்டிக்கொள்கிறேன்" என்றாள் பெண். அதற்கு மேல் நான் வாய் திறக்கவில்லை.

தாம்பரத்தில் ரயிலேறி, செங்கற்பட்டு வழியாகக் காஞ்சியை அடைந்தோம். காந்தி ரோட்டில் ஒரு பெரிய கடை. கடைக்காரர் எங்களை உட்காரவைத்து, நாற்பது புடவைகளுக்குக் குறையாமல் விரித்துத் தள்ளினார். மயில்கண், ருத்ராட்சம், தாழம்பூ ரேக்கு, எம். எஸ். நீலம் என்று பெயர்கள் பொழிந்தன. அரக்கு உடலும் பச்சைக் கரையுமாக ஒரு புடவையைப் பெண் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். விலை இருபத்தெட்டாயிரம். "கைத்தறி, சுத்த ஜரிகை" என்றார் கடைக்காரர். எனக்குப் பரம திருப்தி. பன்னிரண்டாயிரம் மிச்சமல்லவா!

என் தமக்கை மட்டும் ஒன்றும் பேசாமல் புடவையைப் புரட்டி, கரை சேருமிடத்தைத் தடவினாள். பிறகு தலைப்பிலிருந்து ஒரு ஜரிகை இழையை உருவி நகத்தால் சுரண்டினாள். உண்மை ஜரிகை என்பது பட்டு நூலின்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டிழை தெரியும். இதில் வெள்ளை நூல் எட்டிப் பார்த்தது. "அது கலப்பு ஜரிகைதான் அம்மா, இந்த விலைக்கு வேறென்ன வரும்?" என்று கடைக்காரர் கொஞ்சமும் கூசாமல் சொன்னார். படியிறங்கினோம். பெண்ணின் முகம் வாடிவிட்டது.

பிள்ளையார்பாளையத்தில் என் பழைய மாணவன் ஒருவனுடைய வீடு இருக்கிறது. அங்கே போனோம். அவன் ஒரகடத்தில் மோட்டார்த் தொழிற்சாலைக்குப் போய்விட்டான். தகப்பனார் குழித்தறியில் உட்கார்ந்திருந்தார். கோர்வை வேலை. உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கு இரண்டு, ஆக மூன்று நாடா ஓட வேண்டும். கரையின் ஊடையும் உடலின் ஊடையும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டால்தான் அரக்கும் பச்சையும் கலவாமல் நிற்கும். ஒருவரால் ஆகிற காரியமன்று. அந்தப் பக்கத்து நாடாவைத் தள்ள இன்னொருவர் வேண்டும். முன்பெல்லாம் மகன் உட்கார்ந்த இடத்தில் இப்போது அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தார். அடுப்பில் உலை கொதிக்கும் சப்தம் கேட்டால் எழுந்து போவார், தறி நின்றுவிடும்.

முந்தானை தொடங்குமிடத்தில், பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் புதிய நிறத்துப் பாவின் இழையைப் பிணைக்க வேண்டும். அதற்குப் பேட்னி என்று பெயர். அந்த வேலையைப் பற்றி அம்மாள் சொல்லும்போது பெண் அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு புடவை முடியப் பதினைந்து நாளாகிறதாம்.

"இதையே எங்களுக்குக் கொடுத்துவிடுங்களேன்" என்று கேட்டேன். நெசவாளர் தலையை அசைத்தார். "பாவு சங்கத்துடையது, ஐயா. சங்கத்தில் போய் வாங்குங்கள். முத்திரையும் இருக்கும், சீட்டும் தருவார்கள்." காஞ்சிப் பட்டுக்கு 2005-06-ல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் பத்திரிகையில் படித்தபோதுகூட இந்த ஊரின்மீது எனக்கு இவ்வளவு மரியாதை உண்டாகவில்லை.

கூட்டுறவுச் சங்கத்தில் அரக்கும் பச்சையுமாக அதே போன்ற புடவை இருந்தது. விலை நாற்பத்தாறாயிரம். வெள்ளியும் தங்கமும் விற்கிற விலையில் அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. என் பையில் ஆறாயிரம் குறைகிறது. கடன் வாங்கிவிடலாம் என்று நான் மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். தமக்கை என் முகத்தைப் பார்த்துக் கணக்கைத் தெரிந்துகொண்டாள். "வேண்டாம் தம்பி" என்றாள்.

அதற்குள் பெண் வேறொன்றை எடுத்துவிட்டாள். குறுகிய கரை, உடலில் புட்டா கிடையாது. முந்தானையில் மட்டும் கொஞ்சம் ஜரிகை. ஆனால் கோர்வையும் பேட்னியும் உண்டு. விலை முப்பத்து மூவாயிரத்து ஐந்நூறு.

"கல்யாணப் பெண்ணுக்கு இவ்வளவு எளிமையாகவா? சம்பந்தி வீட்டார் என்ன சொல்வார்கள்?" என்றேன்.

"ஜரிகை குறைந்தால் குறையட்டும் மாமா. அந்த அம்மாள் செய்கிற வேலை இதில் இருக்கிறது" என்றாள்.

தமக்கை வழக்கம்போல் ஓர் இழையை உருவிச் சுரண்டினாள். உள்ளே சிவப்பு.

திரும்பும் ரயிலில், செங்கற்பட்டு வருவதற்குள் அந்தப் பொட்டலம் மூன்று முறை பிரிக்கப்பட்டது. எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியம்மாள் கரையைத் திருப்பிப் பார்த்து, "கோர்வையா?" என்று மட்டும் கேட்டாள்.