கூச்சா சௌத்ரியில் ஒரு சனிக்கிழமை

தில்லியின் கேமரா சந்துக்கு வருகிறவர்கள் ஒரு தொகையை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டுதான் வருகிறார்கள். உள்ளே நுழைந்த பிறகுதான் சிக்கல்.

செங்கோட்டைக்கு எதிரே, சாந்தினி சௌக் தொடங்கும் இடத்தில், சிவப்புக் கல்லால் கட்டிய திகம்பர சமணக் கோயில் இருக்கிறது. அதன் வளாகத்தில் பறவைகளுக்கென்று ஒரு மருத்துவமனை. சமண இல்லறத்தார் ஏற்கும் ஐந்து விரதங்களில் கடைசியானது விசித்திரமானது: உடைமைக்குத் தானே ஒரு வரம்பு கட்டிக்கொள்வது. நிலம் இவ்வளவு, பொன் இவ்வளவு, அதற்கு மேல் வேண்டாம் என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட வேண்டும். பரிக்கிரக பரிமாணம் என்று இதற்குப் பெயர். தமிழில் அருங்கலச்செப்பு என்ற சமண நூலும் இல்லறத்தாருக்கான இந்த விரதங்களைச் சொல்கிறது. துறவிக்கு ஒன்றுமே கூடாது. குடும்பஸ்தனுக்கு ஒரு கோடு போதும். வியாபாரிகள் மிகுந்த சமூகத்துக்கு இதைவிட நடைமுறையான ஏற்பாடு இருக்க முடியாது.

அங்கிருந்து நடை தூரத்தில் இருக்கிறது அந்தக் கோடு வாரம் ஆறு நாளும் அழிக்கப்படும் இடம். சாந்தினி சௌக் பெரிய சாலை 2021இல் சீரமைக்கப்பட்டு, பகலில் மோட்டார் வாகனங்களுக்குத் தடை வந்தது. சைக்கிள் ரிக்ஷாக்களின் மணியோசை திரும்பக் கேட்கிறது. சாலையிலிருந்து பிரியும் சந்துகளை அந்தச் சீரமைப்பு எட்டிப் பார்க்கவில்லை. கூச்சா என்றால் பாரசீகத்தில் சந்து. கூச்சா சௌத்ரியில் எதிரே அட்டைப்பெட்டி சுமந்து ஒருவர் வந்தால் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். தலைக்கு மேல் கம்பிகள் பின்னிக் கிடக்க, செங்குத்தான படிக்கட்டுகள் மாடிக் கடைகளுக்கு ஏறுகின்றன. கண்ணாடிக்குப் பின்னால் கேமராக்கள், லென்ஸ்கள், ஃபிளாஷ் விளக்குகள், முக்காலிகள், ஸ்டூடியோ குடைகள். புதியது, பழையது, பழுது பார்ப்பது மூன்றும் ஒரே சந்தில்.

இந்தச் சந்துக்குச் சோறு போடுகிறவர்கள் கல்யாணப் புகைப்படக்காரர்கள். லூதியானாவிலிருந்தும் மீரட்டிலிருந்தும் வருகிறவர்களுக்கு மனதில் ஒரு கணக்கு இருக்கும். இந்த கேமரா எத்தனை முகூர்த்தத்தில் தன் விலையைத் திருப்பித் தரும், அதற்குள் ஷட்டர் தாங்குமா, அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் பேரம் முடித்து, தேநீர் குடித்துவிட்டு, பஸ் பிடிக்கப் போய்விடுகிறார்கள். கடையில் நாள் முழுக்க நிற்பவர்கள் வேறு ரகம். வங்கி ஊழியர், பல் மருத்துவர், கல்லூரி ஆசிரியர், மத்திய அரசு அலுவலர். படம் எடுத்து ஒரு ரூபாய் சம்பாதிக்காதவர்கள். வரவுப் பக்கமே இல்லாத பேரேடு இவர்களுடையது. எனவே போதும் என்று கோடு போட இடமும் இல்லை.

அப்படி ஒருவர்தான் ஆர்.கே. புரத்திலிருந்து வந்திருக்கும் அந்தக் கும்பகோணத்துக்காரர். வயது 57. அமைச்சக வேலை, ஓய்வுக்கு மூன்று ஆண்டு பாக்கி. தோளில் தொங்கும் பையில் நிக்கான் டி90 இருக்கிறது. 2008இல் வந்த மாடல் அது, வீடியோ எடுக்கக்கூடிய முதல் டி.எஸ்.எல்.ஆர். என்ற பெருமையோடு. ஆறாவது ஊதியக் குழு அரியர்ஸ் பணம் கைக்கு வந்த 2009இல் இதே சந்தில் வாங்கினார். மலை மந்திர் பங்குனி உத்திரம், லோதி தோட்டம், மகளின் பள்ளி ஆண்டு விழா, மகளின் கல்யாணம் எல்லாம் அதில்தான். சென்ற ஆண்டிலிருந்து அது போதவில்லை. பிடிமான ரப்பர் உரிந்து வந்துவிட்டது. வியூஃபைண்டரில் பார்த்தால் மங்கல். வெளிச்சம் குறைந்தால் படத்தில் புள்ளி புள்ளியாய். முக்கியமான காரணத்தை அவர் தயக்கத்தோடுதான் சொல்கிறார்: ஓய்வு பெற்ற பிறகு நேரம் இருக்கும், சம்பளம் இருக்காது. வாங்குவதானால் இப்போதே வாங்க வேண்டும். இதற்கென்று 80,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்.

“பட்ஜெட் என்ன, அங்கிள்ஜி?” இதுதான் கடை இளைஞரின் முதல் கேள்வி. தொகையைக் கேட்டு அவர் முகம் சுளிப்பதில்லை. எண்பதாயிரத்துக்கு ஒன்றை எடுத்து மேஜையில் வைக்கிறார். பக்கத்தில், கேட்காமலே, இன்னொன்றையும் வைக்கிறார். “வாங்க வேண்டாம். கையில் பிடித்து மட்டும் பாருங்கள்.”

சந்தின் மொத்த வியாபார சாஸ்திரமும் இந்த இரண்டாவது பெட்டியில் அடக்கம். முதல் கேமரா அரை மணி முன்பு வரை ஆசையாக இருந்தது. இரண்டாவது பக்கத்தில் வந்ததும் அது சமாதானமாகிவிடுகிறது. சிறிய சென்சாருக்கு அடுத்த படி 36க்கு 24 மில்லிமீட்டர் ஃபுல் ஃபிரேம். எஃப் 1.8 லென்ஸுக்கு அடுத்த படி எஃப் 1.4. பின்னது உள்ளே விடும் வெளிச்சம் சுமார் ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகம். விலை அந்த விகிதத்தில் நிற்பதே இல்லை. ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு மிக அருகில் கட்டப்பட்டிருக்கிறது. எண்பதாயிரத்திலிருந்து யாரும் மூன்று லட்சத்துக்குத் தாவுவதில்லை. இன்னும் ஒரு பதினைந்து, இன்னும் ஒரு இருபது என்றுதான் ஏறுகிறார்கள்.

ஏறிய பிறகு வேறு கதை. கோவணத்தை எலி கடிக்கிறதென்று பூனை வளர்த்து, பூனைக்குப் பாலென்று பசு வாங்கி, பசுவைப் பார்த்துக்கொள்ளக் கல்யாணமும் செய்துகொண்ட சந்நியாசி கதைதான். கும்பகோணத்துக்காரரிடம் இருக்கும் பழைய 50 மி.மீ. லென்ஸ் கேமராவுக்குள் இருக்கும் மோட்டாரின் உதவியால் ஃபோகஸ் ஆகிற வகை. அதே நிறுவனத்தின் மிரர்லெஸ் பாடியில் அடாப்டர் போட்டு மாட்டலாம். ஆனால் அந்த அடாப்டரில் மோட்டார் இல்லை, கையால் திருக வேண்டும். எனவே புது லென்ஸ். வேகமான மெமரி கார்டு. இன்னொரு பேட்டரி. பெரிய ஃபைல்களைத் திறக்கத் திணறப்போகும் வீட்டுக் கம்ப்யூட்டரைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை.

பொழுதுபோக்குப் புகைப்படக்காரர்கள் இந்த நோய்க்குத் தாங்களே பெயர் வைத்திருக்கிறார்கள்: ‘கியர் அக்விசிஷன் சிண்ட்ரோம்’, சுருக்கமாக ‘கேஸ்’. கிதார் வாசிப்பவர்களிடமிருந்து இரவல் வாங்கிய பெயர். வாயுத் தொல்லை என்று தமிழில் சொன்னால் பொருந்தாமல் போகாது. இது முன்னோக்கி மட்டும் அடிப்பதில்லை. அடுத்த கடையில் இருபது வயதுக்காரர்கள் இருவர், தாங்கள் தொட்டிலில் கிடந்த காலத்தில் வந்த சிறிய டிஜிட்டல் கேமராக்களைக் கிளறுகிறார்கள். அவற்றின் மங்கல் நிறம்தான் வேண்டுமாம். அவர்களுடைய அப்பாக்கள் அந்த மங்கல் பிடிக்காமல் அடுத்த மாடலுக்குப் போனவர்கள்.

அந்தக் காலத்தில் ஒரு கேமராவோடு திருப்தியாக இருந்தோம் என்று பெருமூச்சு விடும் பெரியவர்கள் சந்தில் உண்டு. நம்புவது கடினம். அன்று இருந்தது திருப்தி அல்ல, தட்டுப்பாடு. பரோடாவில் தயாரான அக்ஃபா கிளிக் III, ஒரு ரோலுக்கு 12 படம். அதற்குப் பிறகு ஹாட் ஷாட். கொடுத்து வைத்தவர்களுக்கு யாஷிகா, சோவியத் நாட்டு ஜெனிட். மற்றதெல்லாம் சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ வரும் மாமாவின் பெட்டியில். இறக்குமதிக் கட்டுப்பாடும் வரியும் ஆசையை அறுக்கவில்லை, காத்திருக்கத்தான் வைத்தன. 1991க்குப் பிறகு கதவு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. டிஜிட்டல் கேமராவுக்கான ஜி.எஸ்.டி.கூட 2019 ஜனவரியில் 28 சதவீதத்திலிருந்து 18க்கு இறங்கியது. வாங்க முடியாதவன் வாங்காமல் இருப்பதை விரதம் என்று சமணர்கூட ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

உண்மையான கோடு போட்டவர்களும் இந்த ஊரில் இருந்திருக்கிறார்கள். காந்தி இறந்த செய்தியை பிர்லா மாளிகை வாசலில் நேரு அறிவிக்கும் படத்தை எடுத்த ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன், வாழ்நாளில் பெரும்பகுதி லைக்காவும் 50 மி.மீ. லென்ஸுமாகவே கழித்தவர். 1942இல் தில்லிக்கு வந்த ஹோமாய் வியாராவாலா, சேலை கட்டிக்கொண்டு சைக்கிளில் கேமராவைச் சுமந்து திரிந்து, ஸ்பீட் கிராஃபிக்கிலும் ரோலிஃப்ளெக்ஸிலும் ஒரு தேசம் பிறந்ததைப் பதிவு செய்தார். 1970இல் தொழிலை விட்டார். அதன் பிறகு 2012இல் இறக்கும்வரை படமே எடுக்கவில்லை. ஆனால் அவரையும் முற்றும் துறந்தவர் கணக்கில் சேர்க்க முடியாது. 55 ஆண்டுகள் வைத்திருந்த ஃபியட்டை விட்டுவிட்டு, 2009இல், தொண்ணூறைத் தாண்டிய வயதில், டாடா நானோவுக்காக அவர் காத்திருந்தது பத்திரிகைச் செய்தியானது.

கடையில் இப்போது டி90ஐ எக்ஸ்சேஞ்சுக்கு மதிப்பிடும் சடங்கு. இளைஞர் ஒரு படம் எடுத்து அதை லேப்டாப்பில் ஏற்றுகிறார். படத்தோடு சேர்ந்து பதிவாகும் விவரங்களில் ஷட்டர் இதுவரை எத்தனை முறை திறந்து மூடியது என்பதும் இருக்கும். திரையில் 18,412 என்று வருகிறது. இந்த மாடலின் ஷட்டர் ஒரு லட்சம் முறை தாங்கும் என்று சோதிக்கப்பட்டது. “அங்கிள்ஜி, இதை நீங்கள் உபயோகிக்கவே இல்லையே!” இளைஞர் பாராட்டாகத்தான் சொல்கிறார், விலை கூடும் என்ற அர்த்தத்தில். கேட்டவர் முகம் கொஞ்சம் வாடிவிடுகிறது. பதினாறு ஆண்டு.

அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து போன். “என்னங்க, மனசுக்குப் பிடிச்சுதா? பிடிச்சா வாங்கிடுங்க. இல்லேன்னா ரெண்டு மாசம் அதையேதான் பேசிட்டு இருப்பீங்க.”

“எண்பதுல கிடைக்கிறது நல்லா இல்லம்மா.”

“எவ்வளவு ஆகுமாம்?”

அவர் சொல்லவில்லை. ரப்பரை மட்டும் ஒட்டிக்கொண்டு வருகிறேன் என்று போனை வைக்கிறார்.

பழுது பார்ப்பவர் இருப்பது இன்னும் உள்ளே, படிக்கட்டுக்குக் கீழே, ஓர் ஆள் உட்காரும் இடத்தில். ஃபிலிம் காலத்து மனிதர். உரிந்த ரப்பரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதை அளவெடுத்தபடியே வேறு என்ன தொந்தரவு என்கிறார். வியூஃபைண்டர் மங்கல் என்றதும் கண்ணில் வைத்துப் பார்க்கிறார். பக்கத்தில் இருக்கும் சிறு சக்கரத்தை நகத்தால் நாலு முறை திருப்பி நீட்டுகிறார். பளிச்சென்று தெரிகிறது. கண்ணாடி போடுகிறவர்கள் தங்கள் பார்வைக்கு ஏற்ப அமைத்துக்கொள்வதற்கான சக்கரம் அது. பையில் உரசி எப்போதோ நகர்ந்திருக்கிறது. படங்களுக்கு அதனால் எந்தக் கேடும் இல்லை, பார்க்கிறவருக்குத்தான். ஓராண்டாக அதைக் காரணம் காட்டிக்கொண்டிருந்தவர் சத்தமில்லாமல் சிரிக்கிறார்.

ஷட்டர் கணக்கையும் அவரிடம் சொல்கிறார், குறை சொல்லும் தொனியில். கிழவர் மனக்கணக்குப் போடுகிறார். 36 படம் ஒரு ரோல் என்றால் 500 ரோலுக்கு மேல் வருகிறது. ஃபிலிம் காலத்தில் 500 ரோல் ஓட்டிய எந்தப் பொழுதுபோக்குக்காரரையும் தனக்குத் தெரியாது என்கிறார்.

பசை காய ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை பேச்சு படங்களைப் பற்றித் திரும்புகிறது. அவருக்கே பிடித்தவை எல்லாம் குளிர்காலத்தில் யமுனா பஜார் படித்துறையில் எடுத்தவை. தூர வடக்கிலிருந்து வரும் கடற்காகங்கள் விடியற்காலைப் பனியில் ஆயிரக்கணக்கில் ஆற்றின் மேல் சுழலும். படகுக்காரர்கள் வாயால் ஒருவித ஒலி எழுப்பிக் காராசேவு வீசுவார்கள். மூக்கின் மேல் இடிப்பதுபோல் பறவைகள் இறங்கும். அங்கே இரண்டு கிலோ எடையுள்ள 600 மி.மீ. லென்ஸைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள்தான் அவஸ்தைப்படுகிறார்கள். பறவை அவ்வளவு கிட்டத்தில். டி90உடன் வந்த 18-105 லென்ஸ் அந்த இடத்துக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல். அதில் ஒன்றை 12க்கு 8 அங்குலத்தில் பிரிண்ட் போட்டு வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தாலும் அந்த அளவுக்கு 86 லட்சம் புள்ளிகள் போதும். இந்தக் கேமரா தருவது 1.23 கோடி. போன குளிர்காலத்தில் எத்தனை முறை போனீர்கள் என்று கேட்கிறார் கிழவர். ஒரே முறை. ஆர்.கே. புரத்திலிருந்து விடியலுக்கு முன் கிளம்ப வேண்டும், முதல் மெட்ரோவுக்குக்கூடக் காத்திருக்க முடியாது. ஞாயிறு காலையில் ஆட்டோவுக்குப் பேரம் பேசச் சோம்பல். அந்த நேரங்களில் பெரும்பாலும் கட்டிலில் படுத்தபடி செல்போனில் புது கேமரா விமர்சனங்கள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ரப்பர் ஒட்டிய கூலி 600 ரூபாய். பேரம் பேசவில்லை. புது ரப்பரில் விரல்கள் பதிந்து உட்காருவதை இரண்டு மூன்று முறை பிடித்துப் பார்த்துக்கொள்கிறார். படிக்கட்டின் கீழிருந்து வெளிச்சத்தை நோக்கி ஒரு படம் எடுக்கிறார். 18,413.

வெளியேறும் வழி அந்தக் கடை வாசல்தான். இளைஞர் கண்ணாடிக்கு உள்ளிருந்தே பார்த்துவிட்டு எழுந்து வருகிறார். வற்புறுத்தல் எதுவும் இல்லை. கடையின் கார்டு ஒன்றை எடுத்து, பின்புறம் ஏதோ எழுதிக் கொடுக்கிறார். கும்பகோணத்துக்காரர் அதைப் படிக்காமலே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ரிக்ஷாக்களுக்கு இடையே நடக்கிறார். சமணக் கோயிலைத் தாண்டி, லால் கிலா மெட்ரோ நிலையத்துப் படிக்கட்டில் இறங்கும் முன் நின்று கார்டை எடுக்கிறார். 1,34,000. பழைய கேமராவைக் கழித்த விலை. திங்கள் மாலைவரை செல்லும் என்று கீழே எழுதியிருக்கிறது. இடையில் ஞாயிறு, சந்துக்கு விடுமுறை.